ஹப்பில் இருந்த வருடம்

அந்த சைக்கிளைப் பார்க்க எனக்குப் பத்து நிமிஷம் தந்தார்கள். நான் மூன்று நிமிஷத்தில் முடித்துவிட்டேன். மீதி ஏழு நிமிஷம் சும்மா நின்றேன். கைக்குட்டையில் விரல்களைத் துடைத்தேன். கூரைத் தகரத்தில் காக்கை நடக்கும் சத்தத்தைக் கேட்டேன். சீக்கிரம் முடித்துவிட்டேன் என்று தெரிந்தால் மதிப்பு குறையும் என்று நினைத்து, குனிந்து இன்னொரு தடவை பார்ப்பதுபோல் பாவனை செய்தேன்.

எனக்கு எண்பது தாண்டிவிட்டது. இன்னும் ஓர் இடத்தில் ஐந்து நிமிஷம் சேர்ந்தாற்போல உட்கார முடிவதில்லை. இதை எழுதும்போதே நான்கு முறை எழுந்து வாசல்வரை போய் வந்துவிட்டேன். யாரும் வரவில்லை.

சுரங்கம் கம்பெனி கையிலிருந்து சர்க்கார் கைக்கு வந்து இரண்டு மூன்று வருடங்கள் ஆகியிருந்தன. கோலார் தங்கவயலில் அப்போது ஓடிக்கொண்டிருந்த மைன்களில் ஒன்றில், மில் ஆபீஸில் நான் குமாஸ்தா. எந்த மைன் என்று சொல்லப்போவதில்லை. அங்கே வேலை செய்தவர்களின் பிள்ளைகள் இன்னும் இருக்கிறார்கள். பூமிக்குக் கீழே லெவல்களில் வெட்டி, கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் மேலே வரும் கல்லை அரைத்துத் தங்கம் எடுக்கிற இடத்துக்கு மில் என்று பெயர். தங்கம் எடுத்த பிறகு மிஞ்சும் மாவுபோன்ற மண், தண்ணீரில் கலந்து குழாய் வழியாக சயனைட் மேட்டுக்குப் போகும். ஊரைச் சுற்றி வெள்ளை வெள்ளையாக நிற்கிற அந்த மேடுகளைப் பார்க்காமல் எங்கள் ஊரில் யாரும் எந்தப் பக்கமும் திரும்ப முடியாது. ஆடிக் காற்றில் அந்த மண் எழும்பிச் சோற்றில் விழும்.

என் அப்பா ராபர்ட்சன்பேட்டை பஜாரில் சைக்கிள் கடை வைத்திருந்தார். விற்பனை, வாடகை, ரிப்பேர் மூன்றும் உண்டு. என்னை வேலூருக்கு அனுப்பி பி.எஸ்ஸி. படிக்கவைத்தார். கையில் கிரீஸ் படாத வேலை எனக்குக் கிடைக்க வேண்டும் என்பது அவர் ஆசை. கிடைத்தது. ஆனால் கடையில் வளர்ந்த கண் எங்கே போகும்? எந்த சைக்கிளைப் பார்த்தாலும் அது எந்த வருடத்தில் செய்தது என்று மனசு தானாகவே கணக்குப் போடும். முன்சக்கரத்தைப் பிடிக்கிற ஃபோர்க்கின் தலை வட்டமா சதுரமா, விளக்கு மாட்டுகிற கொக்கி தனியாக முடுக்கியதா ஃபிரேமோடு ஒட்டியதா, பின்சக்கரத்தின் அச்சு முன்பக்கமாகக் கழலுமா பின்பக்கமாகவா, எல்லாவற்றுக்கும் ஒரு காலம் உண்டு. சீமையிலிருந்து வந்த சில சைக்கிள்களில் பின்சக்கரத்தின் நடுவில் கம்பிகள் சேர்கிற ஹப்பின் உடம்பிலேயே வருடத்தின் கடைசி இரண்டு எண்கள் குத்தியிருக்கும். எல்லாவற்றுக்கும் மேலே ஃபிரேம் நம்பர். சீட் கம்பி நுழைகிற மூட்டில் பொடி எழுத்தில் இருக்கும். அதைப் படித்துவிட்டால் மற்றது எதுவும் தேவையில்லை.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் மில் சைக்கிள் ஸ்டாண்டில் இது ஒரு விளையாட்டாகவே நடந்தது. எனக்கு அங்கே ஜோசியர் என்று பெயர்.

“இன்னா ஜோசியரே, இவன் மாமனார் குடுத்த வண்டிக்கு ஜாதகம் சொல்லேன்.”

“யுத்தம் முடிஞ்ச வருஷம். கைமாறி வந்தது.”

“பார்ரா! புதுசுன்னு சொல்லித்தானே பொண்ணைக் குடுத்தாரு உங்க மாமனாரு?”

“வண்டிக்கு மட்டும் சொல்லுங்க ஜோசியரே. பொண்ணுக்கு சொல்லிடாதீங்க, குடும்பம் கெட்டுப்பூடும்.”

இப்படிச் சிரித்துக்கொண்டிருப்போம். அந்தச் சிரிப்புக்கு நடுவில் நிற்பது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். பின்னால் நடந்ததில் இதற்கும் பங்கு உண்டு.

சயனைட் மேட்டுக்குப் போகிற குழாயைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் இருந்தார். வயது நாற்பதை ஒட்டியிருக்கும். குழாய் மூட்டில் கசிவு இருக்கிறதா, அடைப்பு இருக்கிறதா என்று பார்த்தபடி ஒரு நாளைக்குப் பல தடவை மேட்டுக்கும் மில்லுக்குமாகப் போய்வர வேண்டும். தூரம் அதிகம் என்பதால் அவருக்கு மட்டும் சைக்கிளை மில்லுக்குள்ளே கொண்டுபோக அனுமதி. மற்றவர்கள் எல்லாரும் ஸ்டாண்டில் விட்டுவிட்டு நடந்துதான் வர வேண்டும். சாயங்காலம் கேட்டில் வாட்ச் அண்ட் வார்டு ஆட்கள், அதாவது மைன் காவல்காரர்கள், அந்த ஒரு சைக்கிளை மட்டும் நன்றாகச் சோதிப்பார்கள். சீட்டைக் கழற்றிக் குழாய்க்குள் கம்பி விட்டுப் பார்ப்பார்கள். தங்கம் கலந்த மண்ணை வெளியே கடத்த மனுஷன் எதையெல்லாம் யோசிப்பான் என்று அவர்களுக்குத் தெரியும்.

ஒரு நாள் புதிதாக வந்த காவல்காரன் ஒருவன் அந்த சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்தான். பெடல் அச்சு ஓடுகிற உருளைக் கூட்டின் அடியில் ஒரு பித்தளைத் திருகாணி தெரிந்தது. கழற்றினால், உள்ளே போக ஓர் ஓட்டை. குச்சியை விட்டு எடுத்தபோது கறுப்பாக மசி வந்தது. அந்த மசியைச் சோதனைச் சாலைக்கு அனுப்பினார்கள். அதில் தங்கம் இருக்கிறது என்று முடிவு வந்தது. ரொம்பக் கொஞ்சம், ஆனால் மேட்டு மண்ணில் இருப்பதைவிடக் கூடுதல்.

விசாரணை அதிகாரி எங்கள் மில் ஆபீஸுக்கும் மேலதிகாரி. மைசூர்ப் பக்கத்துக்காரர், நிதானமான மனிதர். மசியை மட்டும் வைத்து ஒருவனை வேலையை விட்டு அனுப்ப அவருக்கு மனம் வரவில்லை. அவர் கேட்ட கேள்வி நியாயமானது. அந்த ஓட்டை சைக்கிளைச் செய்தவன் வைத்ததா, பிறகு யாரோ துளைத்ததா? செய்தவன் வைத்ததென்றால் குற்றம் இல்லை. துளைத்ததென்றால் திருடுவதற்காகத்தான் துளைத்திருக்க வேண்டும். யாரோ என் பெயரைச் சொல்லியிருக்கிறார்கள். என்னைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

அந்த வகை சைக்கிள் எனக்குப் பழக்கமானது. யுத்தத்துக்கு முந்தைய ஃபிரேம்களில், பெடல் அச்சுக்கு எண்ணெய் விடுவதற்காக, அதே இடத்தில் ஓர் ஓட்டையும் அதற்கு ஸ்பிரிங் மூடியும் உண்டு. யுத்தத்துக்குப் பிந்தையவற்றில் அது இல்லை. ஆகையால் கேள்வி ஒன்றே ஒன்றுதான், ஃபிரேம் எந்தக் காலத்தது? பின்சக்கரத்தைச் சுழற்றினேன். ஹப்பில் 48 என்று குத்தியிருந்தது. ஹேண்டில்பாரைப் பார்த்தேன். கறுப்பு. யுத்தத்தின்போதும் அதற்குப் பிறகு சில வருடமும் முலாம் கிடைக்காமல் ஹேண்டில்பாருக்கும் கறுப்பு வர்ணமே அடித்து அனுப்பிய காலம் உண்டு. இரண்டும் பொருந்தின. சீட் மூட்டில் நம்பரைத் தேடினேன். கறுப்பு வர்ணம் கனமாக மூடியிருந்தது. சுரண்டினால் தெரிந்திருக்கும். சுரண்டவில்லை. இரண்டு சாட்சி ஒன்றாகச் சொல்லும்போது மூன்றாவது எதற்கு என்று நினைத்தேன்.

“ஆய்த்தா?” என்றார் அதிகாரி.

“முடிஞ்சது சார். நாற்பத்தெட்டாம் வருஷத்து வண்டி. ஓட்டை பிறகு போட்டது.”

குழாய் பார்க்கும் அந்த ஆள் சுவர் ஓரமாக நின்றிருந்தார். காக்கி அரைக்கால் சட்டை, கெண்டைக்கால்வரை வெள்ளை மண். அவர் என்னைப் பார்த்துத்தான் பேசினார், அதிகாரியைப் பார்த்து அல்ல.

“இன்னா சார் இப்டி சொல்றீங்க? வெள்ளக்கார ஃபோர்மேன் ஒருத்தர் ஊருக்குப் போறப்ப வித்துட்டுப் போன வண்டி சார் அது. வாங்கறப்பவே அந்த ஓட்ட இருந்துச்சு. மூடி எங்கியோ வுழுந்துபோச்சு, அதுக்குத்தான் திருகாணி போட்டேன். நீங்க கடைக்காரர் புள்ள. ஒங்களுக்குத் தெரியாததா?”

கடைக்காரர் பிள்ளை என்று அவர் சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை. நான் பி.எஸ்ஸி. படித்தவன். உட்கார்ந்து, ஆங்கிலத்தில் நான்கு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அவரை வேலையிலிருந்து நீக்கினார்கள். எங்கள் ஊரிலேயே பாலகாட் என்கிற பகுதியில், வரிசையாகக் கட்டிய தொழிலாளர் குடியிருப்பில், அவர் இருந்த லைன் வீடு மைனுக்குச் சொந்தம். வேலை போனால் வீடும் போகும். மாதக் கடைசிக்குள் காலி செய்யச் சொல்லிக் கடிதம் போயிற்று. அந்தக் கடிதத்தை டைப் அடித்த மேஜை என் மேஜைக்கு இரண்டு மேஜை தள்ளி இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் அப்பாவின் கடையில் இருந்தேன். அப்பா சாப்பிடப் போயிருந்தார். கடை ஃபிட்டர், பல வருடமாக எங்களிடம் இருந்தவர், ஒரு சக்கரத்துக்குக் கோணல் எடுத்துக்கொண்டிருந்தார். கடை வாசலில் ஒரு பெண் வந்து நின்றார். உயரமானவர், வெயிலில் நடந்து வந்து முகம் கறுத்திருந்தது.

“சைக்கிள பார்த்து எழுதிக் குடுத்த சாரு நீங்கதானே?”

“ஆமாம்.”

“நான் அவரு ஊட்டுக்காரி.” அவர் உட்காரவில்லை. “அந்த ஓட்டையில எண்ண வுடறது யாரு தெரியுமா? நான்தான். ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம வண்டியக் கவுத்துப் போட்டு நான்தான் வுடுவேன். அவருக்கு அதுக்கெல்லாம் பொறும கெடையாது. கல்யாணமாயி வந்த நாள்லருந்து வுடறேன். எப்ப போட்ட ஓட்டைன்னு எனக்குத் தெரியாதா?”

“நான் பார்த்ததை எழுதினேன்மா.”

“இன்னாத்த பார்த்தீங்க?”

“சக்கரத்துல வருஷம் போட்டிருக்கு. நாற்பத்தெட்டு.”

“சக்கரத்துல போட்டிருந்தா அது சக்கரத்துக்கு வயசு. வண்டிக்கு இன்னா வந்துச்சு?”

ஃபிட்டர் சிரித்துவிட்டார். கோணல் எடுப்பதை நிறுத்தாமலே, “கரெக்டா கேக்குதே அந்தம்மா” என்றார். பிறகு காலால் பெஞ்சுக்கு அடியில் இருந்த மரப்பெட்டியை இழுத்துவிட்டார். அது நிறையத் தேய்ந்துபோன பழைய ஹப்புகள். “மேட்டு மண்ணுல ஓடற வண்டி. இந்த ஊர்ல எந்த ஹப்பு நாலு வருசம் தாங்குது? சும்னே சொல்லாதீங்க சார்” என்றார், பாதி கன்னடத்தில்.

பெட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்தப் பெட்டி நான் பிறப்பதற்கு முன்னாலிருந்து அங்கே இருக்கிறது. சயனைட் மண் ஹப்புக்குள் புகுந்து, உள்ளே சுழல்கிற இரும்புக் குண்டுகளை அரைத்துவிடும். எங்கள் ஊரில் சைக்கிள் வைத்திருப்பவன் ஃபிரேமை வைத்துக்கொண்டு சக்கரத்தை மாற்றிக்கொண்டே இருப்பான். ஊருக்கே தெரிந்த விஷயம் அது.

“மாசக் கடைசிக்கு இன்னும் பன்னண்டு நாளு கீது” என்றார் அந்தப் பெண். “அதுக்குள்ள போய்ச் சொல்லுங்க சார். லைன்ல எல்லாரும் எங்களத் தங்கம் திருடுன ஊடுன்றாங்க. தண்ணிக் குழாயில என் பொண்ணு கொடத்த வச்சா தள்ளி வைக்கறாங்க. வேல போனா போவுது. அந்தப் பேரோட நாங்க எங்க போவோம்?”

“பார்க்கிறேன்மா” என்றேன். அவர் போய்விட்டார்.

மறுநாள் காலையிலேயே ஸ்டோருக்குப் போனேன். பறிமுதல் செய்த சைக்கிளை அங்கே சங்கிலி போட்டுக் கட்டியிருந்தார்கள். “மறுபடியும் இன்னா சார்?” என்றான் காவல்காரன். ரிப்போர்ட்டில் ஒரு விவரம் விட்டுப்போயிற்று என்றேன். மண்ணெண்ணெயில் துணியை நனைத்துத் துடைத்து, கால் ரூபாய் நாணயத்தால் சீட் மூட்டைச் சுரண்டினேன். வர்ணம் ஏடு ஏடாக வந்தது. எத்தனையோ வருடத்து வர்ணம். ஆயுத பூஜைக்கு மைன் மெஷின்களுக்கு அடிக்கிற கறுப்பு வர்ணத்தில் மிஞ்சியதை வாங்கி வந்து சைக்கிளுக்கும் அடிப்பது எங்கள் ஊர் வழக்கம். கோயிலுக்குப் போகிறவர்கள், சர்ச்சுக்குப் போகிறவர்கள், எல்லாரும் அடிப்பார்கள். சயனைட் மண் இரும்பை அரிக்காமல் இருப்பதற்காக. ஹேண்டில்பாரையும் விட்டுவைக்க மாட்டார்கள். ஹேண்டில்பாரில் ஓர் ஓரத்தைச் சுரண்டினேன். கறுப்புக்கு அடியில் முலாம் வெள்ளையாகப் பளபளத்தது.

நம்பரைத் தாளில் குறித்துக்கொண்டேன். ஓர் எழுத்து, அதற்குப் பிறகு ஐந்து எண்கள். சைக்கிளைக் கவிழ்த்து ஓட்டையைத் துடைத்தேன். அதன் விளிம்பில் சன்னமான ஒரு வளையம், ஃபிரேம் செய்தபோதே பித்தளை உருக்கி ஒட்டியது. துளைபோட்ட ஓட்டைக்கு வளையம் இருக்காது.

வீட்டில் பரண்மேல் அப்பாவின் பழைய பில் புத்தகங்கள் கட்டாகக் கிடந்தன. சைக்கிள் களவு போனால் போலீஸ் கேட்பார்கள் என்று ஒவ்வொரு பில்லிலும் ஃபிரேம் நம்பரை எழுதிவைப்பது அவர் பழக்கம். அன்று சாயங்காலம் முழுக்கப் புரட்டினேன். அதே எழுத்தில் தொடங்கும் நம்பர் ஒன்று கிடைத்தது, சில நூறு எண்கள்தான் வித்தியாசம். யுத்தம் தொடங்குவதற்கு முந்தைய வருடம் பஜாரில் ஒரு ஜவுளிக்காரருக்கு விற்றது. ஃபிரேம் யுத்தத்துக்கு முந்தியது. ஓட்டை செய்தவன் வைத்தது. உள்ளே இருந்த மசி, பல வருடமாக மேட்டு மண் புகுந்து எண்ணெயில் படிந்தது. கனமான துகள்கள் அடியில் தங்குவது இயல்பு. இதைக் கண்டுபிடிக்க பி.எஸ்ஸி. கூடத் தேவையில்லை.

அன்றைக்குத் திங்கட்கிழமை. இன்னும் பதினொரு நாள் இருந்தது.

செவ்வாய்க்கிழமை அதிகாரியின் அறைக்குப் போனேன். அவர் ஃபைலிலிருந்து தலை எடுக்காமல் என்ன என்று கேட்டார். சனிக்கிழமை லீவு வேண்டும் என்றேன். எனக்கு லீவுக்கு ஒரு தேவையும் இல்லை. கொடுத்துவிட்டார். அந்தச் சனிக்கிழமை நந்திதுர்க் ரோட்டில் மேலும் கீழுமாக நடந்தேன். ஒரே ரோட்டில் ஆறு தடவை. வெற்றிலைபாக்குக் கடைக்காரர், “இன்னா சார், எதையாச்சும் தொலைச்சிட்டீங்களா?” என்று கேட்டார்.

அடுத்த வாரம் இன்னொரு தடவை போனேன். இந்த முறை நான் வாயைத் திறப்பதற்குள் அவரே சொன்னார். “உங்க பேரை ஹெட் ஆபீஸ் போஸ்ட்டுக்கு அனுப்பிட்டேன். அந்த சைக்கிள் ரிப்போர்ட்டையும் கூட வெச்சேன். ரொம்பத் தெளிவா எழுதியிருக்கீங்க.” நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தேன். மூன்றாம் தடவை அறையில் அவர் இல்லை. காத்திருந்திருக்கலாம். அவர் கோட்டு ஆணியில் தொங்கியது, பக்கத்தில்தான் எங்கோ போயிருந்தார். நான் காத்திருக்கவில்லை.

பதவிக்காகத்தான் வாயை மூடிக்கொண்டேன் என்று பல வருடம் எனக்கே சொல்லிவந்தேன். அது முழு உண்மை இல்லை. பதவி ஆசை என்றால் உலகம் புரிந்துகொள்ளும் என்பதால் அதைச் சொன்னேன். உண்மையில் நான் பயந்தது சைக்கிள் ஸ்டாண்டுக்கு. ‘ஜோசியர் ஹப்பைப் பார்த்து ஜாதகம் சொல்லிட்டாராம்’ என்று அவர்கள் சிரிக்கிற சிரிப்பை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. ஒரு குடும்பத்தின் வீட்டையும் பெயரையும் அந்தச் சிரிப்புக்கு எதிரே வைத்துப் பார்த்தேன். சிரிப்புதான் பெரிதாகத் தெரிந்தது. எனக்கு அப்போது வயது இருபத்தாறு. வயதைச் சமாதானமாகச் சொல்லவில்லை. இருபத்தாறு வயதில் மனுஷனுக்கு எல்லாம் தெரியும்.

அவர்கள் வீடு காலி செய்த நாள் ஆபீஸில் இருக்க முடியவில்லை. தலைவலி என்று சொல்லிவிட்டு சைக்கிளை எடுத்துக்கொண்டு பாலகாட்டுக்குப் போனேன். வெயில் கொளுத்தியது. லைன் வீட்டு முன்னால் கைவண்டியில் கட்டில், பாத்திர மூட்டை, ஆட்டுக்கல் எல்லாம் ஏற்றியிருந்தார்கள். அவர் கயிறு இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார். நான் நிற்கவில்லை. கடந்து போய், கோடியில் திரும்பி, மறுபடி வந்தேன். மறுபடி போனேன். மூன்றாவது சுற்றில் பக்கத்து வீட்டுக்காரன் ஒருவன் என்னை அடையாளம் கண்டுகொண்டான்.

“யோவ், மூட்டைய நல்லா கட்டுய்யா. ஓட்ட கீதா பார்க்கறதுக்கு ஆபீஸ்லருந்து ஆள் வந்துட்டாங்க!”

லைனில் நாலைந்து பேர் சிரித்தார்கள். அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கயிற்றின் முனையை வாயில் கடித்திருந்தார். நான் பெடலை மிதித்துக்கொண்டு போய்விட்டேன்.

ஹெட் ஆபீஸ் வேலை கிடைத்தது. கல்யாணம் ஆயிற்று, குழந்தைகள் பிறந்தார்கள். அப்பா காலமான பிறகு கடையை விற்றோம். ஆனால் நான் நின்ற இடத்தில் நின்றேன் என்று ஒரு நாளும் சொல்ல முடியாது. சைக்கிள் வரிசையாக நிற்கிற எந்த இடத்திலும் என்னால் இருக்க முடியாமல் போயிற்று. கண் தானாக சீட் மூட்டுக்குப் போகும். சினிமாவுக்கு மனைவியைக் கூட்டிப்போனால் இடைவேளையில் எழுந்து வெளியே வருவேன், வெளியே ஸ்டாண்டைப் பார்த்ததும் உள்ளே ஓடுவேன். “உங்களுக்கு வயித்துல ஏதாவது பிரச்சினையா? டாக்டரைப் பாருங்களேன்” என்பாள் அவள். அவளிடமும் நான் சொன்னதில்லை.

எழுபதுகளின் தொடக்கத்தில் மைன் ஸ்டோரில் பழைய இரும்பை ஏலம் விட்டார்கள். பட்டியல் என் மேஜைக்கு வந்தது. கடைசிப் பக்கத்தில் ‘சைக்கிள், பழையது, ஒன்று’ என்று இருந்தது. போய்ப் பார்த்தேன். அதேதான். டயர் உளுத்துப் பிய்ந்து தொங்கியது. ஏலத்தில் எடுத்தேன், எனக்கு எதிராகக் கேட்க ஆளே இல்லை. சுத்தம் செய்து, புது டயர் மாட்டினேன். பாலகாட்டில் பழைய பக்கத்து வீட்டுக்காரனைத் தேடிப்பிடித்து விசாரித்தேன். பங்காருபேட்டைக்கு அப்பால் ஒரு செங்கல் சூளையில் மேஸ்திரியாக இருக்கிறார் என்றான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அந்த சைக்கிளிலேயே போனேன். சூளை ஓரத்தில் மண்சுவர் வீடு. அவர் தலை முழுக்க நரைத்திருந்தது. என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. சைக்கிளைத் தெரிந்துகொண்டார். கிட்ட வந்து ஹேண்டில்பாரைப் பிடித்தவர், பிறகுதான் என் முகத்தைப் பார்த்தார்.

“நீங்க ஆபீஸ் சாரு.”

“ஆமாங்க.” வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு போனதைச் சொன்னேன். “நான் எழுதினது தப்பு. ஃபிரேம் நம்பரைப் பார்த்தேன். இது யுத்தத்துக்கு முந்தின வண்டி. அந்த ஓட்டை கம்பெனிக்காரன் வச்சது. நீங்க சொன்னதுதான் சரி.”

அவர் சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு ஓட்டையில் விரலை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் குந்தியிருந்தார். அவர் மனைவி அடுப்பங்கரையிலிருந்து வந்து நிலைப்படியில் நின்றார். என்னைப் பார்த்த மாத்திரத்தில் தெரிந்துகொண்டுவிட்டார்.

“இது ஒங்களுக்கு எப்ப சார் தெரிஞ்சுது?” என்று குந்தியபடியே கேட்டார் அவர்.

குற்றம் சாட்டுகிற குரல் இல்லை. சும்மா தெரிந்துகொள்ளக் கேட்டார். நான் அங்கே போனது உண்மையைச் சொல்வதற்காக. மனப்பாடம் செய்ததில் அதுவும் இருந்தது, அடுத்த வாக்கியமே அதுதான். என் வாயிலிருந்து வந்தது வேறு.

“இப்பத்தாங்க. ஏலத்துல எடுத்தப்பறம்தான் நம்பரைச் சுரண்டிப் பார்த்தேன்.”

அவர் முகம் மலர்ந்தது. வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. “பார்த்தியா?” என்று மனைவியைப் பார்த்துச் சொன்னார். “தெரிஞ்ச ஒடனே வந்துட்டாரு பாரு. வேற எவன் வருவான்? இத்தன வருசங் கழிச்சு, இவ்ளோ தூரம். உக்காருங்க சார். டீ போடு.”

அந்தம்மா டீ போடப் போகவில்லை. சைக்கிள் பக்கத்தில் வந்து குனிந்து, சீட் மூட்டைக் கட்டைவிரலால் தேய்த்தார். நான் நாணயத்தால் சுரண்டிய இடம். வர்ணம் போன அந்த இரும்பு கறுத்து, துரு ஏறி, அந்தத் துருவும் கெட்டிப்பட்டு வழவழப்பாகியிருந்தது.

“இந்தச் சொரண்டலு பழசா கீதே சார்” என்றார்.

“ஸ்டோர்ல யாராவது சுரண்டியிருப்பாங்கம்மா. எனக்குத் தெரியாது.”

“ஏ, வுடு” என்று அவர் அதட்டினார். “வந்த மனுசன நிக்க வச்சு இன்னா கேள்வி? போ, டீ போடு.”

அந்தம்மா என்னை ஒரு தடவை பார்த்தார். உள்ளே போனார். டீ வந்தது, குடித்தேன். ஒரு பையன் கையில்தான் கொடுத்து அனுப்பினார்.

கிளம்பும்போது அவர் தயங்கித் தயங்கிக் கேட்டார். “சார், இத ஒரு தாள்ல எழுதிக் குடுப்பீங்களா? தமிழ்ல. வேல திரும்பக் கேக்கறதுக்கு இல்ல, அதெல்லாம் முடிஞ்சுபோச்சு. பொண்ணுக்கு மூணு எடத்துலருந்து வந்து, விசாரிச்சிட்டு, வேண்டாம்னுட்டாங்க. பாலகாட்டுல போய் விசாரிக்கறாங்க, அங்க எங்களத் தங்கம் திருடுன ஊடுன்றாங்க. ஒங்க கையெழுத்து இருந்தா நான் போய்க் காட்டிருவேன்.”

எழுதினேன். ஃபிரேம் நம்பர், ஓட்டை, மசி எல்லாவற்றையும் விவரமாக எழுதினேன். ‘இந்த உண்மை எனக்கு இப்போதுதான் தெரியவந்தது’ என்றும் எழுதினேன். அந்த வரி அங்கே தேவையே இல்லை. ஆனாலும் எழுதினேன். சைக்கிளை அவரிடமே விட்டுவிட்டு ரயிலில் திரும்பினேன். பங்காருபேட்டையிலிருந்து மாரிக்குப்பம்வரை கதவோரமாக நின்றுகொண்டே வந்தேன். உட்கார இடம் இருந்தது.

அந்த வாரம் முழுவதும் தூக்கமில்லை. அடுத்த ஞாயிறு உண்மையைச் சொல்லிவிடுவது என்று மறுபடியும் சூளைக்குப் போனேன். அவர் இல்லை. தாளை எடுத்துக்கொண்டு பாலகாட்டுக்குப் போயிருக்கிறார் என்றார்கள். திரும்பி வந்து பாலகாட் லைனுக்குப் போனேன். அவர் வெளுத்த வேட்டி சட்டை போட்டுக்கொண்டு, சைக்கிளைத் தள்ளியபடி, ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று படித்துக் காட்டிக்கொண்டிருந்தார். எழுத்துக் கூட்டித்தான் படித்தார், சத்தமாக. கேலி பேசிய அதே பக்கத்து வீட்டுக்காரன் அவர் தோளில் கை போட்டிருந்தான். என்னைப் பார்த்ததும் அவர் கையை உயர்த்தி, “இவருதான், இவருதான் அந்த சாரு!” என்றார். லைனே வெளியே வந்தது. ஒரு கிழவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, “தப்ப ஒத்துக்கறதுக்குப் பெரிய மனசு வேணும் சார்” என்றார். யாரோ சோடா உடைத்துக் கொடுத்தார்கள்.

அங்கே சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் என்னை மட்டும் நம்பாமல் போவார்களா, அந்தத் தாளையே நம்பாமல் போவார்களா, அவர் மகளின் கல்யாணம் என்ன ஆகும் என்றெல்லாம் யோசித்தேன். நல்ல காரணமாகவே தெரிந்தது. எனக்கு நல்ல காரணங்கள் எப்போதும் கிடைத்துவிடும். சோடாவைக் குடித்தேன்.

அந்த வருடமே மகளுக்குக் கல்யாணம் ஆயிற்று. பத்திரிகை வந்தது, போனேன். அவர் என்னை முன்வரிசையில் உட்காரவைத்தார். அந்தம்மா எனக்குத் தாம்பூலப் பை கொடுத்தார், மரியாதையாகத்தான் கொடுத்தார். என் கண்ணைப் பார்க்கவில்லை. அவருக்குத் தெரியும். கணவரிடம் சொல்லவில்லை என்றும் எனக்குத் தெரியும். எனக்காக அல்ல. தன்னைத் தேடி ஒருவன் வந்தான் என்று அந்த மனிதருக்கு இருந்த சந்தோஷத்தை அவர் கெடுக்க விரும்பவில்லை.

இருவரும் இப்போது இல்லை. பிள்ளைகள் பெங்களூரில் இருக்கிறார்கள். அந்தத் தாளை அவர்கள் இன்னும் பத்திரமாக வைத்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். என்னைப் பற்றி அவர்கள் வீட்டில் நல்லவிதமாகப் பேசுவதாகவும். இதை அவர்கள் படிக்க நேர்ந்தால், அந்தத் தாளில் ‘இப்போதுதான் தெரியவந்தது’ என்று இருக்கிற வரியை அடித்துவிட வேண்டும். மற்றதெல்லாம் உண்மை. உங்கள் அப்பா திருடவில்லை என்று, நீங்கள் அந்த வீட்டைக் காலி செய்வதற்குப் பதினொரு நாள் முன்பே எனக்குத் தெரியும்.